கிளட்ச் கொண்டுவந்த அந்துப்பூச்சி

நாத்தனார் தீப்பெட்டியைத் திறந்து காட்டியதும் அண்ணிக்கு முதலில் மூச்சு நின்றது. அது திரும்பி வருவதற்குள் சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது.

பெட்டிக்குள் பஞ்சின்மேல் கிடந்தது ஒரு சின்ன அந்துப்பூச்சி. சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். பால்வெள்ளை இறக்கை, அதன் குறுக்கே குங்குமச் சிவப்பில் கோடுகள், ஓரத்தில் எலுமிச்சை மஞ்சள், நடுவே பேனா முனையால் தொட்டு வைத்ததுபோல் கறுப்புப் புள்ளிகள். தெரியாதவர்கள் பார்த்தால் யாரோ பொழுது போகாமல் வர்ணம் தீட்டியிருக்கிறார்கள் என்பார்கள். அண்ணி அருங்காட்சியகத்தில் பூச்சிப் பிரிவைப் பார்த்துக்கொள்பவள். இந்தப் பூச்சியை அவள் உயிரோடு பார்த்ததில்லை. பெட்டகத்தில் ஒரு மூலையில், நிறம் வெளுத்து, ஊசியில் குத்தி நிற்கும் சிலதைத்தான் பார்த்திருக்கிறாள். எல்லாம் ரயிலில் ஒரு பகலும் ஓர் இரவும் போனால் வரும் மலைத்தொடரில் பிடித்தவை. வேறெங்கும் பார்த்ததாக யாரும் எழுதியதில்லை. சொல்லப்போனால், இந்தப் பூச்சியைப் பற்றி யாருமே அதிகம் எழுதியதில்லை.

"எங்க பிடிச்ச?"

"எங்க கிரவுண்டுல. பஸ் பணிமனைச் சுவர்ல காலையில ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. செத்துத்தான் கிடந்துச்சு, நான் ஒண்ணும் கொல்லல" என்றாள் நாத்தனார். சொல்லும்போது அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை. காபித் தம்ளரைப் பார்த்துச் சொன்னாள்.

நாத்தனாருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை. சொந்தமாக ஒரு பழைய கார், சொந்தமாக ஒரு பெரிய குரல். 'கிளட்ச்! கிளட்ச்!' என்று அவள் கத்துவது பணிமனையைத் தாண்டி அடுத்த தெருவரை கேட்கும். அதனால் வீட்டிலும் வெளியிலும் அவளுக்குக் கிளட்ச் என்றே பேர் நிலைத்துவிட்டது. கூடப்பிறந்த அண்ணனே அப்படித்தான் கூப்பிடுவான்.

அவள்மேல் அண்ணிக்குச் சந்தேகம் வரக் காரணம் இருந்தது. சில வருஷங்களுக்கு முன் கிளட்ச் ஒரு புகைப்படப் போட்டியில் பரிசு வாங்கினாள். பூவில் உட்கார்ந்த பட்டாம்பூச்சி, பின்னால் இளவெயில், பார்த்தவர்கள் எல்லாம் ஆகா என்றார்கள். அண்ணி மட்டும் படத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது செத்த பூச்சி. கோந்து போட்டு ஒட்டியிருக்கு. கால் ஒண்ணுகூடப் பூவைப் பிடிக்கல பாரு" என்று சொந்தக்காரர்கள் கூடியிருந்த இடத்தில் போட்டு உடைத்துவிட்டாள். கிளட்ச் மறுக்கவில்லை. சிரித்து மழுப்பினாள். ஆனால் அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்ட பேச்சில் எல்லாம் ஒரு சின்ன முள் இருந்தது.

இப்போது அதே கிளட்ச், கேட்காமலே, யாரும் கண்டிராத இடத்தில் யாரும் எளிதில் காணாத பூச்சியைக் கொண்டுவந்து நீட்டுகிறாள்.

"சரி, வெச்சுட்டுப் போ. பார்க்கிறேன்" என்றாள் அண்ணி.

"பார்த்துட்டு?"

"பார்த்துட்டுச் சொல்றேன்."

"அண்ணி, நீங்க முகத்தை அப்படி வெச்சுக்கிட்டா எனக்குப் பயமா இருக்கு. திருட்டு நகையைக் கொண்டுவந்து அடகு வைக்க வந்தவ மாதிரி பார்க்கறீங்க" என்று கிளட்ச் சிரித்தாள். அண்ணி சிரிக்கவில்லை.

மறுநாள் அருங்காட்சியகத்தில், அந்துருண்டை வாசனை நிரம்பிய தன் அறையில், அண்ணி அந்தப் பூச்சியை நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள். பக்கத்தில் பெட்டகத்துப் பழைய பூச்சிகளை வைத்தாள். கோடுகள் ஒத்துப்போயின. புள்ளிகள் ஏறக்குறைய ஒத்துப்போயின. பழையவை இவ்வளவு வெளுத்திருக்கும்போது நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் அவள் கண் நிறத்தில் இல்லை, கால்களில் இருந்தது. பூச்சியின் பின்னங்கால் மயிரில் செந்தூள் ஒட்டியிருந்தது.

இந்த ஊர் மண் கறுப்பு. மலையில் மண் சிவப்பு.

அண்ணி நாற்காலியில் சாய்ந்தாள். உள்ளுக்குள் ஒரு கசப்பும் ஒரு திருப்தியும் சேர்ந்து வந்தன. 'பார்த்தியா, நான் நினைச்சேன்' என்கிற திருப்தி. பூச்சிப் பிரிவில் சேர்ந்த புதிதில் அவள் செய்த முதல் வேலையே பொய்களைப் பொறுக்கி எடுப்பதுதான். எப்போதோ ஒரு பல் வைத்தியர் அருங்காட்சியகத்துக்கு வாரிக் கொடுத்த சேகரிப்பு அது. விலைக்கு வாங்கிய பூச்சிகளுக்கெல்லாம் தானே பிடித்ததாக ஊர்ப் பேர் எழுதி வைத்திருந்தார் மனுஷன். பாலைவனத்துப் பூச்சியைத் தன் தோட்டத்தில் பிடித்ததாகக்கூட ஒரு சீட்டு இருந்தது. ஒரு பொய்ச் சீட்டு போதும், அந்தப் பூச்சி எங்கே வாழ்கிறது என்கிற கணக்கே தலைகீழாகிவிடும். அதை நம்பி இன்னொருவர் எழுதுவார், அவரை நம்பி மற்றொருவர். பூச்சி அங்கே இருக்கவே இருக்காது, புத்தகத்தில் மட்டும் பறந்துகொண்டிருக்கும்.

அன்று சாயங்காலம் வீட்டில் கணவனிடம் பேச்சை எடுத்தாள். அவன் மருந்துக்கடை வைத்திருப்பவன். யார் எந்த மாத்திரை வாங்கினார்கள் என்பதை உயிர் போனாலும் வெளியே சொல்ல மாட்டான். மற்ற எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"உங்க தங்கச்சி போன மாசம் எங்கயாவது வெளியூர் போனாளா?"

"கிளட்ச்சா? ஆமா, மலைக்குப் போனா. என் ஸ்வெட்டரைத்தான் வாங்கிட்டுப் போனா. இன்னும் திருப்பித் தரல. உன்கிட்ட சொல்ல வேண்டாம்னா..." என்று சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"என்கிட்ட ஏன் சொல்ல வேண்டாமாம்?"

"அது எனக்குத் தெரியாது. நான் கேட்கல."

"கேட்க மாட்டீங்களே!"

அண்ணிக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? போன மாதம் முழுக்க லைசென்ஸ் டெஸ்ட் வேலையில் மூச்சுவிட நேரமில்லை என்று கிளட்ச் தன் வாயாலேயே சொல்லியிருந்தாள். மலைக்குப் போனதையும் மறைத்திருக்கிறாள், மலை மண்ணோடு பூச்சியையும் கொண்டுவந்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்த கிளட்ச்சிடம், பரிமாறி முடித்து உட்கார்ந்ததும், அண்ணி நேராகவே கேட்டாள்.

"போன மாசம் மலையில குளிர் எப்படி?"

கிளட்ச்சின் கை தட்டில் நின்றது. அண்ணனைப் பார்த்தாள். அவன் தண்ணீர்ச் செம்பை எடுப்பதில் மும்முரமானான்.

"ஒரு வேலையாப் போனேன்" என்றாள் கிளட்ச்.

"என்ன வேலை?"

"எல்லா வேலையையும் உங்ககிட்ட ஒப்பிக்கணுமா அண்ணி?"

"வேண்டாம். ஆனா அங்க பிடிச்ச பூச்சியைக் கொண்டுவந்து, இங்க பிடிச்சேன்னு என் தலையில கட்டாதே. அதுக்கு நான் கையெழுத்துப் போட்டா என் வேலைதான் போகும். கோந்து போட்டு ஒட்டற விளையாட்டு வேற, இது வேற."

கோந்து என்ற சொல் விழுந்ததும் கிளட்ச் எழுந்துவிட்டாள். கை கழுவினாள். செருப்பை மாட்டும்போது மட்டும், அந்தப் பெரிய குரலை எங்கேயோ விட்டுவிட்டு வந்தவள்போல் மெதுவாகச் சொன்னாள்: "சுவரைப் போய்ப் பாருங்க அண்ணி. என்னைப் பார்க்க வேண்டாம். சுவரைப் பாருங்க."

"உனக்கு வாயில சனி" என்று கணவன் மனைவியிடம் முணுமுணுத்தான். "உங்களுக்கு வாயே சனி" என்றாள் அவள்.

போகக்கூடாது என்றுதான் இருந்தாள். ஆனாலும் ஒரு வாரம் கழித்து, கிளட்ச் டெஸ்டுக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகும் நாளாகப் பார்த்து, அண்ணி அந்தக் கிரவுண்டுக்குப் போனாள். யாரும் முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைக்க முடியாதபடி, சொல்லாமல் போய்ப் பார்ப்பதுதான் முறை என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள்.

பணிமனைச் சுவர் நீளமாக, பளபளவென்று நின்றது. புதுச் சுண்ணாம்பு. ஒரு பூச்சி இல்லை, பாசி இல்லை, அழுக்குகூட இல்லை.

'என்ன வசதியா இருக்கு' என்று அண்ணி நினைத்தாள்.

ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, டெஸ்டுக்குப் போன காருக்காகக் காத்திருந்த ஒரு வங்கிக் காசாளர் அம்மாள், இவள் சுவரையே முறைப்பதைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தாள். "சுவரைப் பார்க்க வந்தீங்களா? டீச்சருக்கும் இதே கிறுக்குத்தான். நாலு நாள் முன்னாடி வெள்ளை அடிக்க ஆள் வந்தப்ப ஒரே சண்டை. காரைக் கொண்டுபோய்ச் சுவரை ஒட்டிக் குறுக்கால நிறுத்திட்டாங்க. அடிக்காதே, அதுல உயிர் இருக்குன்னு கத்தறாங்க. அவனுங்க விழுந்து விழுந்து சிரிக்கிறானுங்க. கடைசியில மேனேஜர் வந்து காரை எடுக்கச் சொல்லிட்டார்."

அண்ணி கேட்டுக்கொண்டாள். இதுவும் ஏற்பாடாக இருக்குமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. சண்டை போட்டால் சாட்சி கிடைக்குமே. உடனே தனக்கே வெட்கமாக இருந்தது. ஒரு தீப்பெட்டிப் பூச்சிக்காக யார் பணிமனை மேனேஜரோடு மல்லுக்கு நிற்பார்கள்?

"இந்தச் சுவருக்குப் பின்பக்கம் எப்படிப் போறது?"

"சாக்கடைச் சந்து வழியாத்தான். யாரும் போக மாட்டாங்க. மூக்கைப் பிடிச்சுக்கணும்."

அண்ணி மூக்கைப் பிடித்துக்கொள்ளவில்லை. ஒரு கையில் பூதக்கண்ணாடி, மறு கையில் புடவைக் கொசுவம். சந்து குறுகல், தோள் இரண்டு பக்கமும் உரசியது. சுவரின் இந்தப் பக்கத்துக்குச் சுண்ணாம்பு வரவில்லை. பூச்சு உதிர்ந்து செங்கல் வெளியே தெரிந்தது. அதன்மேல் சாம்பலும் பச்சையுமாகப் பொருக்குப் பொருக்காய்ப் படர்ந்திருந்தது பாசி. விரல் வைத்துத் தேய்த்தாள். விரல் நுனியில் செந்தூள் ஒட்டியது.

செங்கல் தூள். மலை மண் இல்லை.

அண்ணியின் காது மடல் சுட்டது. அப்போதும் அவள் உடனே நம்பிவிடவில்லை. தூள் பொருந்துகிறது, சரி, பூச்சி எங்கே? ஒவ்வொரு செங்கல்லாகக் கண்ணாடியை நகர்த்தினாள். கழுத்து வலித்தது. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. ஒரு விரிசலின் ஓரத்தில், முதலில் சிலந்திவலைத் துணுக்கு என்று தாண்டிப் போனதை, ஏதோ உறுத்தித் திரும்பி வந்து பார்த்தாள்.

அது வலை இல்லை, கூண்டு. புழு தன் உடம்பு மயிரையே உதிர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கிப் பின்னிய குட்டிக் கூண்டு. அதன் நடுவில், எந்தப் பக்கமும் ஒட்டாமல், தொட்டிலில் போட்ட பிள்ளைபோல் கூட்டுப்புழு தொங்கிக்கொண்டிருந்தது. சற்றுத் தள்ளி இன்னொன்று. கீழே, பாசியை மேய்ந்தபடி, மயிர் அடர்ந்த புழுக்கள்.

செத்த பூச்சியைக் கோந்து போட்டு ஒட்டலாம். ஒருத்தியின் மலைப் பயணத்தை மறைக்கலாம். இந்தக் கூண்டைக் கட்டிக் கொடுக்க மனுஷக் கையால் ஆகாது. இந்தப் பூச்சி இங்கேயே தின்று, இங்கேயே பிறந்து, இங்கேயே சாகிறது.

சந்தோஷப்பட வேண்டிய இடம்தான். ஆனால் கிளட்ச் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றதுதான் கண்ணுக்குள் வந்தது.

சந்தை விட்டு வெளியே வந்தபோது கிரவுண்டு காலியாகியிருந்தது; அப்படியே நேராக அவள் வீட்டுக்குப் போனாள். கிளட்ச் கதவைத் திறந்து, அண்ணியின் புடவையையும் செருப்பையும் ஏற இறங்கப் பார்த்து, "சந்துக்குள்ள போனீங்களா?" என்றாள்.

"போனேன். இருக்கு."

"அப்ப வாங்க. கால் கழுவிட்டு வாங்க."

உள்ளே உட்கார்ந்த பிறகும் ஒரு கேள்வி அண்ணியை விடவில்லை. "எல்லாம் சரி. மலைக்கு ஏன் போன? அதை ஏன் மறைச்ச?"

கிளட்ச் அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். உள்ளே பஞ்சில் மூன்று பூச்சிகள். அதே வெள்ளை, அதே சிவப்பு.

"நான் முதல்ல இங்க சுவர்லதான் பார்த்தேன். உங்க மியூசியத்துக்கு ஒரு தடவை வந்தப்ப இதே மாதிரி ஒண்ணு பெட்டிக்குள்ள பார்த்த ஞாபகம். மலையில மட்டும்தான்னு கீழ எழுதியிருந்துச்சு. கொண்டுவந்து காட்டினா நீங்க என்ன சொல்வீங்கன்னு எனக்குத் தெரியாதா? கோந்துக்காரிதானே நான். அதான் மலைக்கே போய், அங்க இந்த மூணையும் பிடிச்சு, ரெண்டும் ஒண்ணான்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் வரலாம்னு போனேன். போனதைச் சொன்னா, அங்கிருந்துதான் கொண்டுவந்தேன்னு சொல்வீங்க. சொல்லாம இருந்தேன். அதையும் கண்டுபிடிச்சு அதையே சொன்னீங்க."

"எனக்கு வேற எப்படி நினைக்கத் தோணும்? நீயே சொல்லு."

"அதுவும் சரிதான்" என்று கிளட்ச் ஒப்புக்கொண்டாள். "நானா இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பேன்."

அண்ணி மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. டப்பாவைக் கையில் எடுத்தாள். "இதை எனக்குத் தருவியா?"

"அருங்காட்சியகத்துக்குத் தரல. உங்களுக்குத் தரேன்."

பணிமனைச் சந்திலிருந்து பாசி படிந்த செங்கல் துண்டுகளோடு சில புழுக்களைக் கொண்டுவந்து, அண்ணி தன் அறையில் கண்ணாடி ஜாடிகளில் வளர்த்தாள். பூச்சிகள் வெளிவந்ததும் ஒரு ஆணையும், மலைப் பூச்சிகளில் ஒரு ஆணையும் எடுத்து, வயிற்று நுனியை மருந்தில் ஊறவைத்துப் பிரித்தாள். இறக்கையின் கோலம் ஏமாற்றும். இந்த மாதிரிப் பூச்சிகளில் கடைசித் தீர்ப்பு அங்கேதான் இருக்கிறது. பூட்டும் சாவியும்போல ஒவ்வொரு இனத்துக்கும் இனப்பெருக்க உறுப்பு ஒவ்வொரு அமைப்பு. மலைப் பூச்சிக்கு ஒரே கொக்கி, நுனி வளைந்தது. சுவர்ப் பூச்சிக்கு இரட்டைக் கொக்கி, நேரானது. வேறு ஜாடியில் வந்த இன்னொரு ஆணைப் பிரித்துப் பார்த்தாள். அதுவும் இரட்டைக் கொக்கி. பிறகு, முதன்முதலில் இந்த இனத்துக்குப் பேர் வைக்கப் பயன்பட்ட பூச்சி இருக்கும் தூரதேசத்து அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கேட்டாள். வந்த படத்தில் வளைந்த ஒற்றைக் கொக்கி.

ஆக, பேர் மலைப் பூச்சிக்கு உரியது. சுவர்ப் பூச்சிக்கு இதுவரை பேரே இல்லை.

இயக்குநர் இதைக் கேட்டதும் குதித்தார். "நம்ம அருங்காட்சியகத்தின் கண்டுபிடிப்பு!" என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். செய்தி வந்தது. அதில் அண்ணியின் படம் இருந்தது. 'பணிமனை அருகே கிடைத்த பூச்சி' என்று ஒரு வரி இருந்தது. யார் கையில் கிடைத்தது என்று ஒரு வரியும் இல்லை.

அன்றே கிளட்ச் வந்துவிட்டாள். உட்காரவில்லை.

"எனக்கு முதல்லயே தெரியும் அண்ணி. டப்பாவைக் குடுக்கும்போதே ஒரு மனசு வேண்டாம்னு சொல்லுச்சு."

"அது நான் எழுதினது இல்ல. இயக்குநர் சொன்னது. நான் எழுதற கட்டுரையில உன் பேர் இருக்கு."

"காட்டுங்க."

"இன்னும் முடிக்கல."

"முடிக்கலையா, எழுதலையா?"

அண்ணிக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் அந்தக் கோபத்துக்குள்ளேயே ஒன்று உறைத்தது: இதே பார்வையைத்தான் அவள் காபித் தம்ளர் நாளில் கிளட்ச்மேல் வீசியிருந்தாள். இப்போது அது அவள்மேல் விழுகிறது, அவ்வளவுதான். பேசாமல் கணினியைத் திறந்து பாதி எழுதிய கட்டுரையைக் காட்டினாள். எழுதியவர்கள் என்ற இடத்தில் இரண்டு பேர்கள் இருந்தன. கிளட்ச்சின் முழுப் பேர், பள்ளிக்கூடத்துக்குப் பிறகு யாரும் கூப்பிடாத பேர், முதலில் இருந்தது.

கிளட்ச் அதைப் படித்தாள். "நாளைக்கு மாத்த மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

"ஒரு நிச்சயமும் இல்ல. தினமும் வந்து பார்த்துட்டுப் போ."

அவள் நிஜமாகவே தினமும் வந்தாள். லைசென்ஸ் டெஸ்டுக்குப் போகும் வழியில் காரை அருங்காட்சியக வாசலில் நிறுத்திவிட்டு, பழகுநரை உள்ளேயே உட்காரவைத்து, மேலே ஏறி வந்து கணினியை எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். வங்கிக் காசாளர் அம்மாளை ஒருநாள் கையோடு கூட்டிவந்து, ஆங்கிலத்தில் எழுதியதை வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். "டீச்சர், நல்லாத்தான் எழுதியிருக்காங்க" என்று அந்த அம்மாள் சான்று கொடுத்தாள். அண்ணியும் சும்மா இருக்கவில்லை. கிளட்ச் புதுசாக ஏதாவது புழுவைக் கொண்டுவந்தால், எங்கே, எந்தச் சுவர், எந்தப் பக்கம் என்று போலீஸ்காரன்போல் குடைந்துவிட்டுத்தான் ஜாடியில் போடுவாள். கணவன் இருவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, "உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மாத்திரை இருந்தா குடுத்திருப்பேன்" என்று புலம்பினான்.

கட்டுரை ஏறக்குறைய முடிந்தது. ஒரு பக்கம் மட்டும் காலியாக நின்றது. இந்தப் பூச்சி எங்கெங்கே வாழ்கிறது? ஒரு சுவரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் என்றால் யார் நம்புவார்கள்? அதுவும் அடுத்த சுண்ணாம்புவரைதான்.

"கார் இருக்கு, போய்ப் பார்ப்போம்" என்றாள் கிளட்ச்.

ரயில் பாதையை ஒட்டிப் போகும் சாலையில் இருவரும் புறப்பட்டார்கள். பழைய செங்கல் சுவர் கண்ட இடத்தில் எல்லாம் கார் நின்றது. மூடிக் கிடந்த மில், கிடங்கு, தண்ணீர்த் தொட்டி. ஆட்கள் விசித்திரமாகப் பார்த்தார்கள். ஒரு காவலாளி இவர்களை வரி அதிகாரிகள் என்று நினைத்துக் கதவையே திறக்கவில்லை. பல இடங்களில் ஒன்றும் இல்லை. அடுத்த ஊரின் சரக்கு யார்டில், நிழல் பக்கச் சுவரில், கிளட்ச் திடீரென்று நின்று கையைத் தூக்கினாள்.

கூண்டு. பக்கத்தில், அப்போதுதான் வெளிவந்து இறக்கை உலர்த்திக்கொண்டு, வெள்ளையும் சிவப்புமாக ஒரு பூச்சி.

கிளட்ச் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். "நீங்களே எடுங்க அண்ணி. நான் தொட்டா நாளைக்கு ஒரு கேள்வி வரும்."

"நான் தொட்டா உனக்கு ஒரு கேள்வி வரும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் யாருக்குச் சிரிப்பு வந்தது என்று தெரியவில்லை. கடைசியில் அண்ணி கண்ணாடிக் குழாயைச் சுவரோடு பிடித்தாள், கிளட்ச் ஒரு தாளால் மெல்லத் தள்ளி உள்ளே விட்டாள். சீட்டில் ஊர்ப் பேரை அண்ணி எழுத, சரியாக எழுதுகிறாளா என்று கிளட்ச் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.